ஏழாம் அத்தியாயம்: உயர்த்திய வண்டியில் ஸ்டியரிங் கம்பிகளுக்கு இடம் காணுதல்

காட்டுப் பாதைகளிலும் பாறைப் பரப்புகளிலும் ஓட்டுவதற்காகத் தம் வண்டியை உயர்த்த நினைப்பவர்கள், பெரிய டயர் எங்கே உரசும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எந்த அளவு சாயும், பிரேக் ஹோஸ் எட்டுமா எட்டாதா என்றெல்லாம் முன்கூட்டியே ஆராய்ந்துவிட்டு, ஸ்டியரிங் கம்பிகளைப் பற்றிய யோசனையை மட்டும் எல்லா வேலையும் முடிந்து வண்டி தரையில் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சமதளத்தில் நேராக நிற்கும் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் கம்பிக்கும் கமான் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி தெரியும். அதுவே போதும் என்று கண் சொல்லிவிடும். ஆனால் ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் தொங்க, மற்றது பாறைமேல் ஏற, ஸ்டியரிங் முழுவதும் ஒடிக்கப்பட்டிருக்கும் நிலையில் அதே இடைவெளி மறைந்துபோய் இரும்போடு இரும்பு முட்டிக்கொள்கிறது. ஓட்டுபவர் சக்கரத்தைத் திருப்ப முயல்கிறார், திரும்புவதில்லை. அல்லது அவர் திருப்பாமலே அது திரும்புகிறது. இரண்டுமே வண்டி மிக அபாயமான கோணத்தில் நிற்கும் கணத்தில் நேர்பவை. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: இடைவெளி என்பது, வண்டி எட்டக்கூடிய மிக மோசமான நிலையிலும் மிஞ்சி நிற்கும் இடைவெளியே, அது போதாமற்போனால், கம்பியை வளைத்து இடம் தேடலாகாது, கம்பியின் முனைகள் பொருந்தும் ஸ்தானத்தை மாற்றியே தேடவேண்டும்.

இங்கே சொல்லப்படுவன யாவும், முன்னால் இரு சக்கரங்களையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கும் வண்டிகளுக்கு உரியவை. 1985-ல் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி ஜிப்ஸியைப் பிரதான உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முன்னும் பின்னும் உறுதியான அச்சும் கமான் பட்டையும் கொண்ட அவ்வண்டியே நம் நாட்டில் மிகப் பரவலாக உயர்த்தப்படுவனவற்றுள் ஒன்று. வெளிநாடுகளில் சுஸுகி ஸாமுராய் என்ற பெயரில் ஓடும் அதன் உடன்பிறப்புக்கும் இதே முறைகள் பொருந்தும். சுருள் ஸ்பிரிங் கொண்ட அமெரிக்க ஜீப் ராங்ளர் வகையைப் பற்றிப் பின்னால் தனியே ஒரு வார்த்தை சொல்லுவேன். 2010-ல் வெளிவந்த மஹிந்திரா தார் முன்புறத்தில் உறுதியான அச்சு இன்றித் தனித்தனிச் சக்கரத் தாங்கலும் முறுக்குத் தண்டும் கொண்டது. அதன் பிரச்சினையும் பரிகாரமும் வேறு. அவ்வண்டிக்காரர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ரீமரைக் கையில் எடுக்க வேண்டா.

ஜிப்ஸியின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். வலப்பக்கச் சட்டத்தில் ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் தண்டில் மாட்டிய குட்டையான கைக்கு, நூல்களில் பிட்மன் ஆர்ம் என்றும் நம் பட்டறைகளில் டிராப் ஆர்ம் என்றும் பெயர். அந்தக் கையின் நுனியிலிருந்து டிராக் லிங்க் என்னும் நீண்ட கம்பி வண்டியின் குறுக்கே சென்று இடப்பக்கச் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளைப் பிடிக்கிறது. இரண்டு நக்கிள்களையும் ஒன்றோடொன்று இணைப்பது டை ராட். இவற்றுள் டை ராடின் இரு முனைகளும் அச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அது வண்டியை உயர்த்துவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. டிராக் லிங்க் அப்படியன்று. அதன் ஒரு முனை சட்டத்தோடும் மறுமுனை அச்சோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள உயரம் மாறும்போதெல்லாம் சாய்வு மாறுவது இந்த ஒரு கம்பிதான். தொந்தரவில் பெரும்பகுதி இதனிடமிருந்தே பிறக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜிப்ஸியில் கமான் பட்டைகள் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை அச்சுக்கு மேலே ஏற்றிக் கட்டுவதே உயரம் பெறுவதற்கு மிகச் சிக்கனமான வழி. அச்சுக் குழாயின் தடிப்பும் பட்டைக் கட்டின் தடிப்பும் சேர்ந்து சுமார் 5 அங்குல உயரம் கிடைத்துவிடுகிறது. ஆனால் பட்டைகள் மேலே போன மாத்திரத்தில், முன்பு தங்கு தடையின்றி ஓடிய டிராக் லிங்கின் பாதையில் இடப்பக்கத்துப் பட்டை வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது. தாழ்ந்திருக்கும் நக்கிளிலிருந்து உயர்ந்திருக்கும் பாக்ஸை நோக்கிச் செங்குத்தாக ஏற முயலும் கம்பி, பட்டையின் அடிவயிற்றில் போய் இடிக்கிறது.

இடிக்கிறதா இல்லையா என்பதை வண்டியே எழுதி வைத்திருக்கும். இடப்பக்கப் பட்டைக் கட்டின் மிகக் கீழ்ப் பட்டையை ஒரு துணியால் துடைத்துவிட்டு, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துருவும் சேறும் படிந்த பழுப்பு நிறத்தின் நடுவே, பட்டையின் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளி போல் மின்னும் தேய்வு தென்பட்டால், அதற்கு நேர் எதிரே கம்பியின் மேற்புறத்திலும் வர்ணம் போய் ஒரு மழுக்கம் தென்படும். தேய்வு நீளவாட்டில் இழுபட்டிருந்தால் கம்பி திரும்பும்போது உரசுகிறது. புள்ளியாகக் குழிந்திருந்தால் சக்கரம் தொங்கும்போது ஓங்கி அடிக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பரிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உபயோகப்படும். ஓட்டுபவருக்குத் தெரியும் அறிகுறிகளோ, வளைவில் ஸ்டியரிங் ஓரிடத்தில் கனத்துப் பிறகு சட்டென்று விடுபடுவதும், மேட்டில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் வீல் கையில் தானாக அசைவதும் ஆகும். பின்னது முட்டலால் மட்டும் வருவதன்று. கம்பியின் சாய்வாலும் வரும். அதைச் சிறிது விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த விஷயம் ஐயமின்றி விளங்கும். டிராக் லிங்கின் நீளம், அதாவது அதன் இரு முனைப் பந்துகளின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரம், 850 மி.மீ. என்றும், உயர்த்துவதற்கு முன் ஒரு முனை மற்றதைவிட 75 மி.மீ. உயரத்தில் இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். அச்சு 50 மி.மீ. மேலே எழும்பும்போது அந்தக் கம்பி நக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும் தூரம் ஏறக்குறைய 3 மி.மீ.; நக்கிள் கையின் நீளம் 150 மி.மீ. ஆனால் சக்கரம் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பும். ஓட்டுபவர் அதை உணரவும் மாட்டார். வண்டியை 125 மி.மீ. உயர்த்திய பிறகு முனைகளின் உயர வித்தியாசம் 200 மி.மீ. ஆகிறது. அதே 50 மி.மீ. எழும்பலுக்கு இப்போது நக்கிள் 10.5 மி.மீ. தள்ளப்படுகிறது, சக்கரம் 4 பாகை தானே திரும்புகிறது. நெடுஞ்சாலையில் ஒரு வேகத்தடையைத் தாண்டும்போது வண்டி பக்கத்துத் தடத்துக்குள் பாய்வதன் காரணம் இதுவே. இடைவெளிப் பிரச்சினையும் இந்தச் சாய்வுப் பிரச்சினையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை மறந்து, முட்டுவதை மட்டும் நிறுத்தினால் போதும் என்று நினைப்பவர், முட்டாத ஆனால் அடங்காத ஒரு வண்டியைப் பெறுவார்.

இனி அளக்கும் முறை. சோம்பலுக்கு இடங்கொடுக்கலாகாத கட்டம் இது. வண்டியின் சட்டத்தை முன்புறத்தில் உறுதியான ஸ்டாண்டுகள்மீது ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஷாக் அப்சார்பர்களின் கீழ் முனைகளைக் கழற்றிவிடுங்கள். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமானம். பிறகு அச்சைத் தன் எடையில் முழுவதும் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடுத்ததாக இடப்பக்கச் சக்கரத்தின் கீழ் மட்டும் ஜாக்கியைக் கொடுத்து அது பம்ப் ஸ்டாப்பைத் தொடும் வரை ஏற்றி, வலப்பக்கத்தைத் தொங்கவிட்டு, மறுபடியும் இரு கோடிகளுக்கும் திருப்ப வேண்டும். பின்பு பக்கம் மாற்றி அவ்வாறே செய்ய வேண்டும். கடைசியாக இரு பக்கங்களையும் சேர்த்தே ஏற்றிப் பார்க்க வேண்டும். கமான் பட்டை வண்டியில் பட்டையைக் கட்டில் விட்டபடி ஜாக்கியால் முழுவதும் அமுக்க முயன்றால் சட்டமே ஸ்டாண்டைவிட்டு எழும்பிவிடும்; ஆகவே கட்டிலிருந்து பிரதானப் பட்டையை மாத்திரம் விட்டு மற்றவற்றைத் தற்காலிகமாக உருவிவிடுவது உத்தமம். ஆனால் இடைவெளியைக் கணக்கிடும்போது உருவிய பட்டைகளின் தடிப்பைச் சேர்த்துக்கொள்ள மறக்கக் கூடாது.

கண் எட்டாத இடங்களில் ஜன்னல் கண்ணாடி பதிக்கும் புட்டியை எலுமிச்சை அளவு உருட்டிக் கம்பியின்மேல் ஒட்டி வையுங்கள். அச்சை ஏற்றி இறக்கித் திருப்பிய பிறகு அந்த உருண்டை நசுங்கி எஞ்சும் தடிப்பை ஒரு காலிப்பரால் அளந்தால், அதுவே உண்மையான இடைவெளி. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே அது 12 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். டயரும் கம்பியும் நெருங்கும் இடங்களில் அதைப் போல இருமடங்கு வேண்டும். டயர் சேற்றையும் கல்லையும் சுமந்து சுழலும் பொருள் அல்லவா? 12 மி.மீ. ஏன், 5 மி.மீ. போதாதா என்று கேட்பவருக்குச் சொல்வேன்: பலமாகப் பிரேக் போடும்போது கமான் பட்டை முறுக்கிக்கொண்டு அச்சைச் சற்று உருட்டுகிறது, புஷ்கள் நசுங்குகின்றன, ஷாக்கிள் சாய்கிறது. ஸ்டாண்டின்மேல் நிற்கும் வண்டியில் இவற்றுள் எதுவும் நிகழ்வதில்லை.

இந்தப் பரிசோதனையின்போதே மற்றொன்றையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு நிலையிலும் டிராக் லிங்கை நடுவில் பிடித்துக் கையால் உருட்டிப் பாருங்கள். அது சிறிதளவேனும் இருபுறமும் உருள வேண்டும். உருளாமல் இறுகி நின்றால், முனைப் பந்து தன் கிண்ணத்தில் சாயக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் வரும் அடுத்த அதிர்ச்சியைப் பந்தின் கழுத்துதான் தாங்க வேண்டியிருக்கும். கழுத்து ஒடிந்தால் ஸ்டியரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே அற்றுப்போகும். இடைவெளி தாராளமாக இருந்தும் இந்தக் குறை இருக்கக்கூடும் என்பதால் இதைத் தனியாகவே சோதிக்க வேண்டும்.

பரிகாரங்களுக்கு வருவோம். மிக எளியது வண்டியின் அசைவுக்கு எல்லை கட்டுவது. கம்பி பட்டைக்குக் கீழே ஓடும் வண்டியில், அச்சு தொங்கும்போதே கம்பி அதிகமாகச் சாய்ந்து பட்டையின் அடியைத் தொடுகிறது. ஆதலால் அங்கே தொங்கலைக் கட்டுப்படுத்தும் நைலான் வாரை அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டுவது பயன் தரும். கம்பியைப் பட்டைக்கு மேலே ஏற்றிய வண்டியிலோ நிலைமை தலைகீழ். அங்கே அச்சு எழும்பும்போதுதான் கம்பி பட்டையின் முதுகின்மேல் இறங்குகிறது, அல்லது சட்டத்தின் அடியையோ எஞ்சினின் ஆயில் சம்ப்பையோ போய் முட்டுகிறது. அங்கே உயரமான பம்ப் ஸ்டாப் வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், தொங்கும்போது முட்டும் வண்டிக்குப் பம்ப் ஸ்டாப்பை உயர்த்திவிட்டு, இன்னும் முட்டுகிறதே என்று வியக்கும் பட்டறைகள் உண்டு. மிச்சம் 10 மி.மீ. மட்டுமே தேவைப்படுகிறது என்றால் இந்த உபாயம் போதும். அதற்கு மேல் போனால், பாடுபட்டுப் பெற்ற சக்கர அசைவையெல்லாம் விட்டுக்கொடுத்தவர்களாவோம்.

அடுத்தது, கடைகளில் கிடைக்கும் நீண்ட டிராப் ஆர்ம். பாக்ஸ் பக்கத்து முனையை இது கீழே இறக்குவதால் கம்பியின் சாய்வு குறைகிறது. முன்சொன்ன உதாரணத்தில் 50 மி.மீ. இறக்கினால், அச்சு 50 மி.மீ. எழும்பும்போது நக்கிள் தள்ளப்படுவது 10.5-லிருந்து ஏறக்குறைய 7.5 மி.மீ. ஆகக் குறையும். குறைவுதான், ஆனால் தீர்வன்று. அதோடு, கை எவ்வளவு கீழே தொங்குகிறதோ அவ்வளவுக்குக் கம்பியின் விசை பாக்ஸின் தண்டை வளைக்கப் பார்க்கும். அதன் புஷ் தேயும். பாக்ஸைப் பிடிக்கும் சட்டப் பகுதியில், போல்ட் துளைகளின் ஓரத்தில், மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பெரிய டயர் பூட்டிய வண்டியில் இந்தச் சுமை இன்னும் அதிகம். எனவே சாதாரண உயர்த்தல்களுக்கு, 2 அங்குலம் வரை, டிராப் ஆர்மை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு அப்பால் இதனை மட்டும் நம்புவது உசிதமன்று.

மூன்றாவதாக, வளைந்த டிராக் லிங்க். பட்டைக்குக் கீழே தாழ்ந்து, தாண்டிய பிறகு மேலே எழும்புமாறு இரண்டு வளைவுகளோடு செய்யப்படும் இக்கம்பி ஸாமுராய் உலகத்தில் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் பழைய கம்பியை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருகிறார்கள். இதைப் பற்றி நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். கம்பி எந்த வடிவில் வளைந்திருந்தாலும் சக்கரத்துக்குத் தெரிவது இரு பந்துகளின் மையங்களை இணைக்கும் நேர்கோடு மட்டுமே. ஆகவே வளைத்ததனால் சாய்வு ஒரு பாகைகூடக் குறைவதில்லை, வண்டி தானே திரும்பும் குணம் அப்படியே நிற்கிறது. நேரான கம்பி, விசையைத் தன் நீளவாட்டில் தாங்குகிறது. நேர்கோட்டிலிருந்து 75 மி.மீ. விலகி வளைந்த கம்பியோ, 5,000 நியூட்டன் விசை வந்தால் 375 நியூட்டன் மீட்டர் முறிவுத் திருப்பத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அது சிறிது வில்லாக வளைந்து நிமிர்கிறது. ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கில் ஆட்டம் இருப்பதாகத் தோன்றுகிறது. மேலும் இரு முனைகளும் பந்துகளாதலால், வளைந்த பகுதி தன் பாரத்தால் சாய்ந்து உருண்டு, எந்தப் பட்டையைத் தவிர்க்க வளைத்தோமோ அதையே வேறொரு பக்கத்திலிருந்து உரசும். காய்ச்சி வளைத்த கம்பியில் உருக்கின் பதமும் கெட்டிருக்கும். பாறையில் மெதுவாக ஊர்ந்து செல்வதற்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு, இதற்கெனத் தடித்த உருக்கில் செய்யப்பட்டதை வாங்கிப் பூட்டுபவரை நான் தடுக்கமாட்டேன். சாலையிலும் ஓடும் வண்டிக்கு இது வேண்டா.

எஞ்சி நிற்பது நான்காவது வழி. என் மதிப்பில் இதுவே சரியான வழி. அச்சுப் பக்கத்து முனையை உயர்த்துவது. வண்டி 125 மி.மீ. உயர்ந்ததனால் கெட்டுப்போன உறவை, நக்கிள் முனையை 100 மி.மீ. உயர்த்துவதன் மூலம் ஏறக்குறையப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நம் உதாரணத்தில் உயர வித்தியாசம் 200-லிருந்து 100 மி.மீ. ஆகும், நக்கிள் தள்ளப்படும் தூரம் 10.5-லிருந்து 4.5 மி.மீ.-க்குள் அடங்கும். கம்பி பட்டைக்கு மேலே நேராக ஓடும். பாறையில் இடிபடாத உயரத்துக்கும் போய்விடும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம்: நக்கிளின் தலையில் தனிக் கை ஒன்றைப் பூட்டலாம், அல்லது இருக்கும் கையிலேயே கம்பியின் முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பிப் பூட்டலாம். பின்னதில் கிடைக்கும் உயரம் குறைவு; உயர்த்தல் சிறிதாக இருந்தால் போதுமானது.

தலையில் பூட்டும் கை, நக்கிளின் மேல் மூடியைப் பிடிக்கும் ஸ்டட்களாலேயே பிடிக்கப்படுகிறது. ஸ்டியரிங்கின் முழு விசையும் அப்போது அந்தச் சிறு ஸ்டட்களின் வழியே பாய்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பழைய டயோட்டா லேண்ட் குரூசரில் இத்தகைய கைகள் கூம்பு வடிவ வாஷர்களோடு பிடிக்கப்பட்டிருப்பதன் காரணம், கை ஒரு நூலளவும் நழுவக் கூடாது என்பதே. துளைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கை ஒவ்வொரு திருப்பத்திலும் இம்மியளவு நகர்ந்து நகர்ந்து நட்டுகளைத் தளர்த்திவிடும். புதிய, கடினப்படுத்திய ஸ்டட்களையே போடுங்கள். நூலேறும் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிக் காயவைத்து, மரைப்பூட்டுப் பசை தடவி, டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

முனையைத் தலைகீழாகத் திருப்பும் வேலை லேத் பட்டறையின் நுணுக்கத்தைக் கேட்பது. முனைப் பந்தின் தண்டு நேரான உருளை அன்று, கூம்பு. அது நுழையும் துளையும் ஒரு புறம் அகன்று மறுபுறம் குறுகிய கூம்பு. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் ஓர் அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம், அதாவது எட்டுக்கு ஒன்று, என்ற சரிவு வழங்குகிறது. ஜப்பானிய வம்சத்து வண்டிகளில் அதுவே இருக்கும் என்று அனுமானிக்கலாகாது. மேலிருந்து ரீமர் போட்டால், கீழே ஏற்கெனவே அகன்றிருக்கும் பழைய வாய் அப்படியே நிற்கும். தண்டு துளையின் மேற்பாதியில் மட்டுமே பிடிமானம் பெற்று, கீழ்ப்பாதி வெறும் காற்றில் நிற்கும். இந்தக் குறையோடு வண்டியை வெளியே அனுப்புவது பெரும் பாவம் என்றே கருதுகிறேன். முறையாகச் செய்வதானால், துளையை முழுவதும் நேர்த் துளையாகப் பெரிதாக்கி, சரியான சரிவு உட்புறத்தில் வெட்டப்பட்ட உருக்குப் புஷ் ஒன்றை இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும். பெரிதாக்கிய பிறகு துளையைச் சுற்றிப் போதிய சதை மிஞ்சுமா என்பதை முதலிலேயே அளந்துகொள்ள வேண்டும். மிஞ்சாதென்றால் இந்த முறையையே கைவிட வேண்டும்.

புஷ்ஷை இறக்கிய பின், தண்டில் நீலச் சாயத்தை மிக மெல்லியதாகப் பூசி, துளையில் நுழைத்து, ஒரு சிறு திருப்பு திருப்பி எடுத்துப் பாருங்கள். நீலம் தண்டின் முழு நீளத்திலும் சீராக மங்கியிருந்தால் கூம்புகள் பொருந்திவிட்டன. ஒரு விளிம்பில் மட்டும் வளையமாக மங்கி, மற்ற இடத்தில் நீலம் கெட்டியாகவே நின்றால், சரிவு பொருந்தவில்லை. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது பொருந்தப் போவதில்லை, சில நாளில் தண்டு ஆடத் தொடங்கித் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும். இதைச் செய்து காட்டாத பட்டறையில் நக்கிளைக் கொடுக்காதீர்கள்.

புதிய இடத்துக்கு ஏற்பக் கம்பியின் நீளம் மாறும். பழைய கம்பியை நடுவில் அறுத்து ஒட்டுப் போட்டுப் பற்றவைக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். தடித்த சுவருள்ள தையலற்ற உருக்குக் குழாயை எடுத்து, இரு முனைகளிலும் நூல் வெட்டிய புஷ்களை இறக்கி, தேர்ந்த வெல்டரிடம் பற்றவைத்துச் செய்வதே முறை. தண்ணீர்க் குழாய்க்கு வைத்திருக்கும் ஜி.ஐ. பைப் இதற்கு ஆகாது. ஒரு முனைக்கு இடமரை, மறுமுனைக்கு வலமரை வைத்தால், பூட்டியபடியே கம்பியைத் திருப்பி நீளத்தைச் சரிசெய்யலாம். நூலின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது முனை உள்ளே ஏறியிருக்க வேண்டும். காசில் நட்டை இறுக்கும்போது ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால், அடுத்த வெட்டு வரும் வரை மேலும் இறுக்குங்கள், தளர்த்திப் பொருத்தலாகாது.

சுருள் ஸ்பிரிங் வண்டிகளைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தேன். 1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ராங்ளர் டி.ஜே. வகையில் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கக் கமான் பட்டை இல்லை. அந்த வேலையை ட்ராக் பார் என்னும் குறுக்குத் தண்டு செய்கிறது. அச்சு ஏறி இறங்கும்போது இந்தத் தண்டு ஒரு வட்ட வில்லிலும் டிராக் லிங்க் மற்றொரு வட்ட வில்லிலும் ஆடுகின்றன. இரண்டும் இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளமாகவும் இருந்தால் இரண்டு விற்களும் ஒத்துப்போகும், சக்கரம் திரும்பாது. ஆகவே அவ்வண்டியில் டிராப் ஆர்மை மட்டும் தாழ்த்துவதோ டிராக் லிங்கை மட்டும் உயர்த்துவதோ நோயை அதிகப்படுத்தும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் அதே அளவுக்குத் தொட வேண்டும். டை ராட் அங்கே எதிர்ப்பக்க நக்கிளுக்குப் போகாமல் டிராக் லிங்கின் நடுவிலேயே இணைகிறது. அதனால் உயரம் மாறும்போது சக்கரங்களின் உள்வாங்கலும் (டோ இன்) சேர்ந்தே மாறும். அதிகம் உயர்த்துபவர்கள் டை ராடை நக்கிளுக்கு நக்கிள் நேரே ஓடுமாறு மாற்றிக்கொள்வது இதனால்தான்.

பூட்டும் வேலை முடிந்ததும், ஸ்டியரிங் வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணித் திருப்பி, சரிபாதியில் நிறுத்துங்கள். அது பாக்ஸின் நடுநிலை. சக்கரங்கள் நேராக நிற்கும்படி டிராக் லிங்கின் நீளத்தை அந்த நிலையில் பொருத்த வேண்டும். வீல் கோணலாக நிற்கிறது என்று வீலைக் கழற்றித் திருப்பிப் பூட்டுபவர், பாக்ஸை நடுநிலையிலிருந்து விலக்கி ஒரு பக்கத் திருப்பத்தைக் குறைத்துவிடுகிறார். நக்கிளிலுள்ள நிறுத்தத் திருகுகளையும் பாக்ஸ் தன் உள்ளெல்லையைத் தொடுவதற்கு முன்பே அவை தொடுமாறு வைக்க வேண்டும். உள்வாங்கலைத் தயாரிப்பாளரின் கையேட்டு அளவுக்கு வைத்து, காஸ்டரையும் வீல் அலைன்மென்ட் நிலையத்தில் அளந்துகொள்ளுங்கள். பட்டைகளை மேலேற்றும்போது அவை அமரும் இருக்கைத் தகடுகளை எந்தச் சாய்வில் பற்றவைத்தார்களோ அதுவே இப்போது காஸ்டர், பின்னால் அதைத் திருத்துவது எளிதன்று.

அரசாங்கச் சட்டத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடைசெய்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே இங்கே விவரித்த வேலைகளைச் செய்த வண்டியைத் தனியார் நிலத்திலும் போட்டிக் களத்திலும் ஓட்டுங்கள். அங்கே போவதற்கு டிரெய்லரில் ஏற்றிச் செல்லுங்கள்.

முதல் ஓட்டம் ஆளரவமற்ற திடலில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் நிகழட்டும். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, எஞ்சின் ஓட, இரு கோடிகளுக்கும் ஒடித்துப் பாருங்கள். பிறகு நேராக ஓட்டிப் பலமாகப் பிரேக் போடுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும்போது கம்பி எங்கோ தொடுகிறது. புறப்படுமுன்பே டிராக் லிங்க், டை ராட், நக்கிள் கை, யூ போல்ட் ஆகியவற்றின் ஒவ்வொரு நட்டின்மீதும் அதனை ஒட்டிய பரப்பின்மீதும் சேர்ந்தாற்போல் ஒரு மெல்லிய வெள்ளை வர்ணக் கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்த நட்டு நகர்ந்த நட்டு. 100 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குங்கள், யூ போல்ட்களை மறந்துவிடாமல். பட்டைக் கட்டு புது இருக்கையில் அமர்ந்து இறுக்கம் குறைந்திருக்கும். 500 கி.மீ.-க்குப் பிறகு பட்டையின் விளிம்பையும் கம்பியின் உடலையும் துடைத்துக் கைவிளக்கால் பாருங்கள். வெள்ளித் தேய்வு புதிதாகத் தோன்றியிருந்தால், புட்டி உருண்டைகளோடு அளவெடுப்பை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.